மதம் என்ற அமைப்பு: கையைப் பிடித்து நடத்துகிறதா, கையைக் கட்டிப்போடுகிறதா?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

இந்தக் கேள்வியை எங்கே எழுப்பினாலும் இரண்டாவது பதிலிலேயே அடிதடி ஆரம்பித்துவிடுகிறது. ஒருவர் சிலுவைப் போரை இழுப்பார், இன்னொருவர் மதங்கள் நடத்தும் மருத்துவமனைகளை இழுப்பார். இரண்டுமே உண்மைதான். ஆனால் வரவு, செலவு எழுதிக் கழித்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அதனால் ஒரே ஓர் அமைப்பின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களுடைய பழைய வழிபாட்டில் போதகர் கிடையாது. எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்குள் சொல் எழுகிறதோ அவர் எழுந்து பேசுவார். இதைவிடத் தளர்வான மத அமைப்பு ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனாலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் குவேக்கர்களில் வசதி படைத்தவர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள்.

பென்ஜமின் லே என்பவரும் ஒரு குவேக்கர், ஆனால் அடிமைமுறையை எதிர்த்தவர். நாலடி உயரம், கூன் முதுகு. 1738இல் நியூஜெர்சியின் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு, மேலங்கிக்குள் படைவீரன் உடையையும் வாளையும் மறைத்துக்கொண்டு போனார். கையில் உள்ளே குடையப்பட்ட ஒரு புத்தகம். அதற்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை. அடிமை வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று பேசிவிட்டு, மேலங்கியைக் கழற்றி, அந்தப் புத்தகத்தில் வாளைப் பாய்ச்சினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடிமை உடைமையாளர்கள் மேல் 'ரத்தம்' தெறித்தது. அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். அந்த ஆண்டே அமைப்பிலிருந்தும் நீக்கினார்கள்.

அதே அமைப்பு 1758இல், அடிமை வியாபாரத்தில் ஈடுபடும் உறுப்பினர்கள் மீது நடவடிக்கை எடுக்க முடிவு செய்தது. லே அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு மறு ஆண்டு இறந்தார். 1776இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருப்பவர் குவேக்கராக இருக்க முடியாது என்று விதித்தது.

கவனியுங்கள், இரண்டு முறையும் கருவி ஒன்றுதான்: நீக்கம். முதலில் நியாயம் கேட்டவரை வெளியே தள்ளியது, பிறகு அநியாயம் செய்தவர்களைத் தள்ளியது. இதில் எதை வழிகாட்டல் என்பது, எதைக் கட்டுப்பாடு என்பது? இரண்டும் தனித்தனிப் பொருள்கள் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தமிழ்க்கனல்

நல்ல கதைதான் நண்பரே. ஆனால் அதில் வழிகாட்டியது யார்? லே தனியாளாக வழிகாட்டினார், அமைப்பு 38 ஆண்டுகள் கழித்து மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தது. அந்த 38 ஆண்டுகளில் எத்தனை பேர் சங்கிலியிலேயே பிறந்து சங்கிலியிலேயே செத்திருப்பார்கள்?

இன்னொன்று சொல்கிறேன். 1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். அடிமைத்தளையிலிருந்து ஓர் இனமே வெளியேறும் கதை அதில் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படி என்ற வரிகள் மட்டும் பத்திரமாக இருந்தன. அந்தக் கத்தரியைப் பிடித்தது யார்? 'மக்களுக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியும்' என்று நம்பிய பக்திமான்கள்தான்.

அமெரிக்காவில் 1845இல் தெற்கத்தி பாப்டிஸ்ட் கூட்டமைப்பு என்ற கிறிஸ்தவ அமைப்பு தனியாகப் பிரிந்ததே அடிமைமுறையை ஆதரித்துத்தான். மன்னிப்புக் கேட்டது 1995இல். 150 ஆண்டுகள்! ஊரே போய்ச் சேர்ந்த பிறகு பாதையில் வந்து நிற்பவனை வழிகாட்டி என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஓலைச்சுவடி

கனல், 1807 பதிப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஏன் வெட்ட வேண்டியிருந்தது? முழுசாகக் கொடுத்தால் ஆபத்து என்று எஜமானர்களுக்குத் தெரிந்திருந்தது. வெட்டாத நூலைக் கையில் எடுத்தவர்கள் அதே விடுதலைக் கதையைப் பாடியே தைரியம் வளர்த்தார்கள். கட்டுப்படுத்த மட்டுமே பயன்படும் பண்டம் என்றால் அதைக் கத்தரிக்க வேண்டிய தேவையே வந்திருக்காதே.

அப்புறம், //தனியாளாக வழிகாட்டினார்// என்கிறீர்கள். தனியாள் தீ மூட்டலாம், அடுப்பு எரிந்துகொண்டே இருக்க ஆட்கள் வேண்டும். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பேருந்தில் இன வாரியாகப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் நடந்தது. அத்தனை ஆயிரம் பேர் இரவில் கூட இடம் எங்கே இருந்தது? தேவாலயங்களில். வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்லக் கார்கள் வேண்டுமே? தேவாலயங்களின் பெயரிலேயே வண்டிகள் வாங்கிப் பதிவு செய்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டிக் காப்பீட்டை ரத்து செய்தபோது, லண்டன் வரை போய் வேறு காப்பீடு எடுத்தார்கள். கட்டடம், உண்டியல், உறுப்பினர் பட்டியல், வாரந்தவறாமல் கூடும் பழக்கம், எல்லோரும் மதிக்கும் ஒரு குரல்: 'அமைப்பு' என்று நாம் குறை சொல்லும் அத்தனையும் இல்லாமல் அந்தப் போராட்டம் ஒரு மாதம் தாங்கியிருக்காது.

அந்த ஊரிலேயே வெள்ளையர் தேவாலயங்களும் இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை வாய் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

கரிசல்

ஒரு சந்தேகம். நீங்கள் சொல்வது எல்லாம் கட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் பொருந்துமே. நீக்கம், உண்டியல், ஆள் திரட்டல் எல்லா இடத்திலும் இருக்கிறது. மதத்துக்கு மட்டும் தனியாக என்ன?

தமிழ்க்கனல்

நல்ல கேள்வி. கட்சி என்னை இந்த வாழ்க்கையில் மட்டும்தான் மிரட்ட முடியும். மதம் செத்த பிறகும் விடாது. கட்சித் தலைவர் சொன்ன வாக்குறுதி நிறைவேறியதா என்று ஐந்து வருடத்தில் பார்த்துவிடலாம், மோட்சம் பற்றிய வாக்குறுதியைத் திரும்பி வந்து யாரும் சரிபார்க்க முடியாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: கட்சியில் வளர்ந்த பிறகு சேர்கிறோம். மதத்தில் பேச்சு வருவதற்கு முன்பே சேர்க்கப்பட்டுவிடுகிறோம்.

ஓலைச்சுவடி

உண்மை, ஆனால் கடவுளை எடுத்துவிட்டால் கட்டுப்பாடு தானாகப் போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அல்பேனியா 1967இல் தன்னை உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்து எல்லா மசூதிகளையும் தேவாலயங்களையும் மூடியது. வீட்டுக்குள் கும்பிட்டாலும் குற்றம். 1990 வரை அப்படித்தான் இருந்தது. கேள்வி கேட்கக் கூடாத இடத்தில் யார் உட்கார்ந்தாலும் ஒரே நாற்காலிதான்.

மாலைக்கதிர்

நான் வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. எந்த மதம், எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை, இந்தக் கேள்விக்கு அது தேவையும் இல்லை.

என் கணவர் திடீரென்று இறந்தபோது உறவினர்கள் வந்து சேர்வதற்கு முன் எங்கள் வழிபாட்டுக் குழுவினர் வந்துவிட்டார்கள். ஓர் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டு, அத்தனை பேரையும் அவரே கூப்பிட்டார். அந்தச் செய்தியை என் வாயால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய கொடுமை எனக்கு இல்லாமல் போனது. இன்னொருவர் மகனைத் தனியாக அழைத்துப்போய் உட்காரவைத்துக்கொண்டார், ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை. இறந்த வீட்டில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல தலைமுறைகளாகச் செய்து செய்து பழகிய கைகள். இதைக் கட்டுப்பாடு என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

ஆனால் இப்போது எனக்கு ஒரு சிக்கல். மகனுக்கு 16 வயது. குழுவில் முழு உறுப்பினராக உறுதிமொழி எடுக்கும் வயது வந்துவிட்டது என்கிறார்கள். அவன் 'எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை, பொய் சொல்லி நிற்க மாட்டேன்' என்கிறான். மூத்தவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, 'பையனிடம் நீங்கள் பேச வேண்டிய விதத்தில் பேசுங்கள்' என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனாலும் அந்த 'பேச வேண்டிய விதம்' எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் அவர்களுக்குக் கடன்பட்டவள் என்ற நினைப்பு உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னைப் பேசவிடாமல் செய்கிறது.

வெளியேறியவள்

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

நான் ஒரு குழுவிலிருந்து வெளியே வந்தவள். பெயர் வேண்டாம். உங்களுக்குக் கிடைத்த அதே அன்பு எனக்கும் கிடைத்தது, அதில் கலப்படம் எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் அதை இழந்தபோது அப்படி வலித்தது. சில போதனைகளைப் பற்றிக் கேள்வி கேட்டேன். மூன்று மூத்தவர்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார்கள், அம்மாவை உள்ளே விடவில்லை. பிறகு மேடையிலிருந்து ஒரே ஒரு வரி அறிவிப்பு: இன்னார் இனி நம்மில் ஒருவர் அல்ல. காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மறுநாள் முதல் அம்மா என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். எடுத்தால் அவருக்கும் அதே கதி என்று அவருக்குத் தெரியும்.

யாரும் என்னைக் கை நீட்டி அடிக்கவில்லை. 'நீ சுதந்திரமாகப் போகலாம்' என்றுதான் சொன்னார்கள். போகலாம்தான், ஆனால் இதுவரை எனக்குத் தெரிந்த மனிதர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். குழுவுக்கு வெளியே நட்பு வேண்டாம் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கியிருந்ததால் வெளியே எனக்கு ஒருவரும் இல்லை.

உறுதிமொழி எடுத்த பிறகு விலகினால் என்ன ஆகும், எடுக்காமலே இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பையனிடம் எதுவும் பேசாதீர்கள்.

ஓலைச்சுவடி

இவர் சொன்னதற்கு வரலாற்றில் ஒரு துல்லியமான உதாரணம் இருக்கிறது. ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார், வளர்ந்த பிறகே ஞானஸ்நானம் என்று நம்பும் மற்ற அனபாப்டிஸ்டுகளிடமிருந்து 1693இல் பிரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணமே, நீக்கப்பட்டவர்களை எவ்வளவு கடுமையாக ஒதுக்குவது என்ற தகராறுதான். கடுமையாக ஒதுக்க வேண்டும் என்ற பக்கம் ஆமிஷ் ஆனது. ஆனால் அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்த பிறகு, தானே கேட்டுத்தான் பெற வேண்டும். அதற்கு முன் விலகிப் போகிறவர்களை முறையாக ஒதுக்கிவைப்பதில்லை. வாக்குக் கொடுத்து மீறியவருக்குத்தான் அந்தத் தண்டனை.

அதனால் சகோதரி, உறுதிமொழியைத் தள்ளிப்போடுவதே உங்கள் மகனுக்கு ஒரு பாதுகாப்பு. அவனே அதைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறான்.

தமிழ்க்கனல்

//வளர்ந்த பிறகு, தானே கேட்டுத்தான்//

அதே ஆமிஷ் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. அது சட்டப்படி செல்லும் என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். பெற்றோரின் மத உரிமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்களே, படிக்கப்போகிற பிள்ளையை யாராவது கேட்டீர்களா என்பதுதான் அவர் நிலைப்பாட்டின் சாரம். எட்டாம் வகுப்போடு நின்றவர், வெளியுலகில் பிழைக்க வழி தெரியாதவர், 'நானே தேர்ந்தெடுத்தேன்' என்று சொல்வதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? கதவைத் திறந்து வைத்திருப்பது போதாது, வெளியே கால் வைக்கத் தரையும் வேண்டும்.

மாலைக்கதிர் அவர்களே, நான் நாத்திகன். ஆனால் உங்கள் வீட்டு மரணத்தின்போது அவர்கள் செய்ததை நான் மதிக்கிறேன். எங்கள் ஆட்கள் அந்த அளவுக்கு வந்து நிற்பதில்லை, அது எனக்கு வருத்தம்தான். உங்கள் மகன் சொன்ன வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'பொய் சொல்லி நிற்க மாட்டேன்.' எந்த மதம் அந்தப் பையன் மேல் கோபப்பட முடியும்?

நெடுவழி

விவாதம் நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போகிறது. இரண்டு விஷயங்கள் சேர்க்கிறேன்.

ஒன்று, மேலே இருப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது. 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில், ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரின் குழுவினர் 900க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் நஞ்சால், இறந்தார்கள், ஏறத்தாழ 300 பேர் சிறுவர்கள். அந்தக் குழு தொடக்கத்தில் இண்டியானாபொலிஸில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்த சபை, முதியோர் இல்லங்கள் நடத்திய சபை. நல்லது செய்யும் ஆசையோடுதான் பலர் சேர்ந்தார்கள். பிறகு சொத்துகளை எழுதிக் கொடுத்தார்கள், காட்டுக்குள் போன பிறகு கடவுச்சீட்டுகளும் பறிக்கப்பட்டன, கடிதங்கள் தணிக்கையாயின. ஜிம் ஜோன்ஸைத் தட்டிக்கேட்கும் இடத்தில் உள்ளே ஒருவரும் இல்லை.

அதற்காகப் பழைய, பெரிய, விதிகள் நிறைந்த அமைப்பு பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிய குருக்களை, தெரிந்தே ஒரு பங்கிலிருந்து (ஒரு தேவாலயத்துக்குட்பட்ட பகுதியிலிருந்து) இன்னொரு பங்குக்கு மாற்றிக்கொண்டிருந்தது 2002இல் வெளியே வந்தது. அங்கே படிநிலை இருந்தது, சட்டம் இருந்தது. எல்லாம் மேல்நோக்கி மட்டும் பதில் சொல்லும் படிநிலை. பாதிக்கப்பட்ட குழந்தையின் தாய்க்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உண்மையை வெளியே கொண்டுவந்தது பத்திரிகையும் நீதிமன்றமும். உறுப்பினர்கள் அமைப்பைக் கேட்க வழி இல்லாத இடத்தில் வெளியாள்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டு முடிப்பதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

இரண்டாவது கனலுக்கு. அம்பேத்கர் 1935இல், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பல லட்சம் பேருடன் பௌத்தம் தழுவினார். ஒரு மதம் மனிதனை எப்படி மிதிக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? வெறுமனே வெளியேறி இருக்கலாமே. ஏன் இன்னொரு மதத்தை, அதுவும் 22 உறுதிமொழிகளோடு, கூட்டமாக எடுத்துக்கொண்டார்?

தமிழ்க்கனல்

யோசிக்க வைக்கிற கேள்வி. வெளியேறுகிறவர்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று அவர் நினைத்தார். சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மக்களிடம் 'நீ தனியாக நில்' என்று சொல்வது வசதியானவர்கள் கொடுக்கும் அறிவுரை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்றும் பாருங்கள். அறிவிப்புக்கும் தழுவலுக்கும் நடுவே 21 ஆண்டுகள். பல மதங்களைப் பரிசீலித்தார். படைத்த கடவுளும் பிறப்பால் உயர்வு தாழ்வும் இல்லாத நெறியை எடுத்தார், அதிலும் தனக்கு ஒவ்வாததைக் கேள்வி கேட்டு மாற்றி வைத்தார். வளர்ந்த மனிதன் கண்ணைத் திறந்துகொண்டு, உறுதிமொழிகளைத் தானே எழுதி ஏற்பது வேறு. 16 வயதுப் பையனிடம் 'பேச வேண்டிய விதத்தில்' பேசச் சொல்வது வேறு.

கரிசல்

நான் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. சாமியார்கள், குருக்கள் எல்லோரையும் ஒரே தராசில் போடுவேன் இதுவரை. இனி, கேள்வி கேட்டவனுக்கு அங்கே என்ன ஆனது என்று முதலில் பார்ப்பேன்.

ஓலைச்சுவடி

ஒரு சின்னக் கூடுதல். 1897இல் எமில் துர்கைம் என்ற சமூகவியலாளர் ஐரோப்பாவின் தற்கொலைக் கணக்குகளை ஆராய்ந்தார். இறுக்கமான மதச் சமூகங்களில் தற்கொலை குறைவு என்று கண்டார், கோட்பாட்டைவிட மனிதப் பிணைப்புதான் காக்கிறது என்றார். அந்தக் கணக்குகளைப் பற்றிப் பிற்காலத்தில் நிறைய விவாதம் நடந்தது. ஆனால் அவர் சொன்ன மறுபாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: பிணைப்பு மிதமிஞ்சினாலும் மனிதன் தன் உயிரைத் துச்சமாக நினைப்பான். மாலைக்கதிரும் வெளியேறியவளும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

மாலைக்கதிர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மூத்தவரை நேரில் பார்த்தேன். மகனையும் கூட்டிப்போனேன், ஏனென்றால் அவனைப் பற்றிய பேச்சு அவன் இல்லாமல் நடக்கக் கூடாது.

நேராகக் கேட்டேன். எடுக்காவிட்டால் என்ன ஆகும்? 'வழிபாட்டுக்கு வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் இசைக்குழுவில் தொடர முடியாது, அது உறுப்பினர்களுக்கு மட்டும்' என்றார். எடுத்துவிட்டுப் பிறகு விலகினால்? கொஞ்ச நேரம் பதில் இல்லை. 'அப்படி யோசித்துக்கொண்டே எடுப்பதற்கு இது என்ன ஒப்பந்தமா?' என்றார். நான் விடவில்லை, மறுபடியும் கேட்டேன். பொறுப்பாளர்களிடம் கலந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மகன் அவரிடம் மரியாதையாகவே பேசினான். இசைக்குழு போவது அவனுக்கு வருத்தம், வீட்டுக்கு வந்ததும் கிதாரைத் தொடவே இல்லை. ஆனாலும் முடிவை மாற்றவில்லை. நான் அவனிடம் 'பேச வேண்டிய விதத்தில்' எதுவும் பேசப் போவதில்லை. வாரந்தோறும் நான் போவேன், அவன் வந்தால் வரட்டும்.

இசைக்குழு விஷயம் நியாயமா? வெளியேறியவள், நீங்கள் சொல்லுங்கள்.

வெளியேறியவள்

நியாயம் என்றே நினைக்கிறேன் அக்கா. உறுப்பினர் பொறுப்பு உறுப்பினருக்கு என்பதில் தப்பில்லை. நான் பயப்படுவது வேறு இரண்டு இடத்தில். இசைக்குழுப் பையன்கள் இனி அவனோடு பேசலாமா, வீட்டுக்கு வரலாமா? இதைப் பெரியவர்களிடம் கேட்காதீர்கள், அந்தப் பையன்களை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், வருகிறார்களா பாருங்கள். இன்னொன்று, அவர் பதில் சொல்லாமல் நிறுத்திய கேள்வி. அதற்கு வரும் பதிலை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் என் விஷயத்தில் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்கவில்லை.

பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். என்ன வந்தாலும் எழுதுங்கள்.